பாட்டிலடி வண்டலும் காவ்யா கல்யாணமும்

வரிச்சிக்குடி,
ஆகஸ்ட் 2006

பாரீஸில் இருக்கும் மைத்துனர் ஆனந்தராஜுக்கு, அக்காள் புருஷன் தெட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்காள் திரிபுரசுந்தரி, மகள் காவ்யா, இரண்டு பசுக்கள் எல்லோரும் காரைக்கால் அம்மையார் புண்ணியத்தில் சுகம். அங்கே ஆகஸ்டில் குளிரா வெயிலா என்று எனக்குத் தெரியாது. எதற்கும் குழந்தைகளைப் போர்த்தியே வைக்கவும்.

நிற்க. முதலில் சேதி. ஜெயித்துவிட்டோம். காவ்யா கல்யாணம் வருகிற தையில் நம் காரைக்காலில்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த சம்பந்தி சிவபாலனை, அவருடைய சொந்த வித்தையான ஒயினிலேயே உங்கள் அத்தான் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டேன். எழுதும்போதே கை துள்ளுகிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சம்பந்தியின் குணம் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தினத்துக்கு மெடல்களைக் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போனவர், இன்னும் அவற்றைக் கழற்றவில்லை. மகன் வேலை பார்ப்பது பாரீஸில், ஆகையால் கல்யாணமும் பாரீஸில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். காது ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அக்காள் விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அதனால் என்ன, சிடி போட்டு அனுப்புகிறேன் என்றார். பெற்றவள் தன் ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறுவதை டி.வி. பெட்டியிலா பார்ப்பாள்? உங்கள் அக்காள் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் போன வருஷம் கொடுத்தனுப்பிய மூன்று பொர்தோ ஒயின் பாட்டில்களின் பேச்சு வந்தது. இருட்டில், குளுமையில், படுக்கப் போட்டு வைக்கவும் என்று சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அதன்படி பத்தாயத்தில் நெல்லுக்குள் படுக்க வைத்திருந்தேன். ஒரே தோட்டத்து ஒயின், திராட்சை பறித்த வருஷம் மட்டும் 82, 85, 89 என்று கேட்டதும் சம்பந்திக்கு முகமே மாறிவிட்டது. எண்பதுகளில் 82தான் ராஜா, 85 சாது, 89 நல்ல வெயிலில் பழுத்தது என்று வரன் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாக வர்ணித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். 82இல் மேட்டூரில் தண்ணீர் இல்லை, நமக்கெல்லாம் பதர்தான் மிஞ்சியது, ஆகையால் 82 தேறாது என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது.

“பொர்தோவுக்கு மேட்டூர்த் தண்ணியா போவுது, சம்பந்தி?” என்றார். “மூணையும் மறைச்சு வச்சு, குடிச்சுப் பாத்து ஆளுக்கொரு தடவ வருஷம் சொல்லுவோம். நீங்க ஜெயிச்சா கல்யாணம் இங்கயே.”

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹமீது பாயை நடுவராகக் கூப்பிட்டோம். ஒரு சொட்டும் தொடாதவரை ஒரு டம்ளர் கொடுத்து யாரும் வளைக்க முடியாது பாருங்கள். தொட மாட்டேன், மோந்து பார்க்க மாட்டேன், லேபிளை மட்டும் படிப்பேன் என்ற நிபந்தனையோடு எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டில்களுக்கு உங்கள் அக்காள் சமையலறையில் வைத்து நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துண்டு சுற்றினாள். ஈரத்துண்டாகச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி வை என்றது என் யோசனை. தண்ணீர்ப்பானைக்கு ஈரத்துணி சுற்றுவோமே, அதே குளுமை. எந்தத் துண்டில் எந்த வருஷம் என்று எனக்கும் தெரியாது, சம்பந்திக்கும் தெரியாது. கார்க் புட்டு மாதிரி உதிர்ந்தது. வடிகட்டியோடு வந்த உங்கள் அக்காளைச் சம்பந்தி பதறிப்போய்த் தடுத்தார். கடைசியில் சமையலறையிலிருந்து ஆளுக்கு மூன்று எவர்சில்வர் டம்ளர்கள், இடுப்பில் அந்தந்த நிறத்து நூலோடு வந்து சேர்ந்தன.

சம்பந்தி டம்ளரைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார், கொப்பளித்தார். நீலம் 82, வெள்ளை 85, சிவப்பு 89 என்றார். நானும் குடித்தேன். உங்களிடம் மறைப்பானேன், மூன்றும் எனக்கு நாவல்பழக் கஷாயமாகத்தான் இருந்தன. காவ்யா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் டம்ளரின் அடியைப் பார்த்தேன். அங்கே கிடந்தது வண்டல்! சிவப்பு நூல் டம்ளரில் நிறைய, வெள்ளையில் கொஞ்சம், நீலத்தில் ஏதோ பேருக்கு. ஆறு எத்தனை வருஷம் பாய்ந்ததோ அத்தனை வண்டல் என்பது நம் வயலில் இறங்கினவனுக்குத் தெரியாதா? சிவப்பு 82, வெள்ளை 85, நீலம் 89 என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பாட்டில்களைக் கேட்டோம். துண்டு முடிச்சு இறுகிவிட்டதென்று உங்கள் அக்காள் கொஞ்சம் தாமதித்தாள். பிறகு ஒவ்வொன்றாக, துண்டை விலக்கிக் காட்டினாள். ஹமீது பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். சிவப்பு 82. வெள்ளை 85. நீலம் 89. லேபிள் ஓரத்தில் சோற்றுப் பருக்கை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று அவர் இழுத்தார். பிரெஞ்சுக்காரன் பசை அப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கினேன்.

சம்பந்தி எழுந்து நின்றார். ஒரு மெடலைக் கழற்றி என் சட்டையில் குத்தினார். “முப்பது வருஷமா மூக்கையே நம்பிட்டேன் சம்பந்தி, கண்ணை நம்பல,” என்றார். தை மாதத்தில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் உங்கள் அக்காள் அழுத அழுகை தெருவரைக்கும் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆகவே நீங்கள் குடும்பத்தோடு ஒரு வாரம் முன்னதாகவே வந்து தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்ய வேண்டியது. ஒயினில் சந்தேகம் ஏதும் வந்தால் இனிமேல் தயங்காமல் என்னைக் கேட்கலாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றியோடு,
தெட்சிணாமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டப் பசை தீர்ந்துபோயிருந்தது. உங்கள் அக்காளிடம் நாலு பருக்கை சோறு கேட்டேன். கொடுத்துவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று குடைந்ததில் சொல்லிவிட்டாள். ஈரத்தில் ஊறி மூன்று லேபிளும் தொட்டியிலேயே மிதந்திருக்கின்றன. எது எந்தப் பாட்டிலுடையது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, நான் சொன்ன வருஷப்படியே சோற்றை வைத்து ஒட்டியிருக்கிறாள். அப்படியானால் எதுதான் 82 என்று கேட்டேன். “அது எனக்கெப்படிங்க தெரியும்? எது 82ஆ இருந்தா எம் பொண்ணு கல்யாணத்த நான் கண்ணால பாக்கலாமுன்னு மட்டுந்தான் தெரிஞ்சுது,” என்றாள். அடுத்த ஜூலை பதினாலுக்கு வண்டலைப் பற்றிப் பேச வரும்படி சம்பந்தி ஆள் அனுப்பியிருக்கிறார், நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடவும். உறையில் பருக்கை ஒட்டியிருந்தால் அதையும் சுரண்டிவிடவும்.