சிரித்த குழந்தைக்கு ஐந்து புள்ளி

நல்ல படத்தைக் கண்டால் எரிந்து விழும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் உரும்பிராயில் எங்கள் அலுவலகத்தில் வேலை செய்தார். எந்தப் படத்திலும் கட்டம் கட்டமாக உடைந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதால் அவர் பெயர் கட்டம் அண்ணை. கலியாண வீட்டிலும் மணவறையைப் பார்க்கமாட்டார்; அதை வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் காட்டும் திரையில்தான் கண்.

வீடியோ அழைப்புக்குப் படத்தைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். சுருக்கியதில் படம் எவ்வளவு கெட்டது என்று ஆட்களுக்குக் காட்டிப் புள்ளி வாங்குவது அண்ணையின் பொறுப்பு. எனக்கு அதில் சொந்த அவசரமும் இருந்தது. மானிப்பாயில் இருக்கும் என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது; கையால்தான் கதைப்பார். அவரின் மகள் கனடாவில். அக்கா வீட்டு இணைப்பில் மகளின் விரல்கள் கரைந்துபோகும். மாதக்கணக்காக இருவரும் ஒழுங்காகக் கதைக்கவில்லை.

அயலில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, ஒரு குழந்தை கையாட்டிச் சிரிக்கும் படத்தைக் காட்டினோம். படம் கூழாகிக் கிடந்தது. எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். வடை தின்ற இடத்தில் குறை சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வருமா? அதுவும் பச்சைப் பிள்ளையை?

"பிள்ளைக்குப் போடாதேங்கோ, படத்துக்குப் போடுங்கோ" என்று அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் சவரம் செய்யாத தன் முகத்தையே படம் பிடித்து அவர்களுக்குக் காட்டினார். துலக்கமான படம். இரண்டு புள்ளிதான் கிடைத்தது.

ஐந்து வந்ததுதானே, வெளியிடுவோம் என்று நான் நச்சரித்தேன். அண்ணை மசியவில்லை.

"உன்ரை அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. புள்ளி வேண்டாம். விரல் என்ன சொல்லுது எண்டு அவ சொல்லட்டும்."

அக்கா வந்தார். ஒரு பெண் கையால் கதைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படத்தில் முகம் பளிச்சென்று இருந்தது, விரல் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு முகத்தின் துலக்கத்தில் கொஞ்சத்தை எடுத்துக் கைகளுக்குக் கொடுத்தோம். ஒரு மாதம் அண்ணை எங்களைத் திட்டித் திட்டியே வேலை வாங்கினார்.

பிறகு ஒரு காலை, நானும் அண்ணையும் பார்த்திருக்க, அக்கா வீட்டுத் திரையில் மகள் வந்தாள். மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். எழுதி அனுப்பினால் புருஷன் பார்த்துவிடுவான் என்று அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த கதை. அக்கா ஒன்றையும் தவறவிடாமல் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்.

வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனி காணாது, இன்னும் போடு என்றார். நூறு வயது வரைக்கும் அந்த மனிதர் இப்படியே குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.