மண் பரிசோதனைக்குப் போன செல்லியாத்தா

ஆலங்கொல்லை,
முத்துப்பேட்டை வழி.
திருவள்ளுவர் ஆண்டு 2004, ஆடி 5
(தபால்காரர் பக்கிரிக்குப் புரிவதற்காக: 20-7-1973)

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. காயாரோகணம் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை எல்லையம்மாளின் வாழ்க்கைத் துணைவனும் ஆலங்கொல்லைக் கிளைக் கழகச் செயலாளருமான வில்லேந்தி (பழைய பெயர் சாரங்கபாணி) எழுதிக்கொள்ளும் மடல். இங்கு நானும் தங்கள் தங்கையும் பிள்ளைகள் இருவரும் கறவை மாடும் இயற்கையின் ஒத்துழைப்பால் சுகம். அங்கு தாங்களும் படகும் வலையும் வீட்டாரும் சுகமென்று பதில் வந்தால் மகிழ்வேன். கடிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி மாதிரி ஒன்று தெரிந்தால் அது பேனா கக்கிய மை. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படிக்கவும். நான் சாகுபடி செய்யும் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம் எங்கள் அப்பா காலத்திலிருந்து பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்தது என்பது தாங்கள் அறிந்ததே. குத்தகைக்காரன் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமென்று நமது ஆட்சி சட்டம் கொண்டுவந்ததும் இந்த ஊரில் முதல் ஆளாக நான்தான் மனுப் போட்டேன். உடனே பண்ணையார், இவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு உழுதவன் என்று எதிர்மனுப் போட்டுவிட்டார். மாசியில் அறுப்பு முடிந்த மறுநாள் பண்ணை ஏஜெண்டு துரைராசு களத்துக்கே வந்து, "அடுத்த வெள்ளாமைக்கு வேற எடம் பாத்துக்க சாரங்கபாணி" என்றான். பெயர் வில்லேந்தி என்று திருத்தினேன். "அப்ப வில்லேந்தி, நீயும் வேற எடம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தங்கள் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை.

பங்குனியில் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவள், திரும்பும்போது கடற்கரைச் செல்லியாத்தா கோயில் வாசலிலிருந்து பிடிமண் கொண்டுவந்தாள். அந்த மண்ணை எங்கே வைத்தாலும் சாமி கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது உங்கள் வழக்கமாம். தாங்களே கையால் அள்ளிக் கொடுத்தீர்களாம். ஒரு பிடி என்று பேர், அரைப் படிக்கு மேல் இருந்தது. இது பகுத்தறிவாளன் வீடு, இங்க இதெல்லாம் ஆகாதுன்னு நான் அரை மணி நேரம் பேசினேன், மேடையில பேசுற பேச்சு. முழுசையும் கேட்டுட்டு, "நெல்லுக் குதிருக்குப் பின்னால வச்சா உங்க கட்சிக்காரங்க கண்ணுல படாது"ன்னா. பதினாலு வருசத்துக்கு முன்னால, தாலி வேண்டாம், அய்யர் வேண்டாம், மாலை மாத்திக்கிட்டாப் போதும்னு நான் சொன்னப்ப ஒரு வார்த்தை மறுத்துப் பேசாம வந்தவ. எழிலரசின்னு பேரு மாத்துறேன்னேன், அதுக்கும் சரின்னா. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா இன்னிக்கும் பக்கத்து வீட்டைத்தான் திரும்பிப் பாக்குறாங்கிறது வேற. இத்தனையும் விட்டுக்குடுத்தவ கொஞ்சம் மண்ணு வச்சிக்கிறேன்னா எப்படி மச்சான் மாட்டேங்கிறது. சரி, குதிருக்குப் பின்னால, சின்னதா, புகை வராமன்னு ஒப்புக்கிட்டேன். கிளைக் கழகத்துக்குத் தெரிவிக்கலை.

ஒப்புக்கிட்டதுதான் தாமதம், மூணு செங்கலை அடுக்கி, மண்ணு பூசி, சாணி மெழுகி மேடை தயாராயிருச்சு. சித்திரையில ஒரு வெள்ளிக்கிழமை நாள் பாத்து அன்னிக்குக் கலயத்துல கொட்டி வைக்கிறதா ஏற்பாடு. அதுவரைக்கும் மண்ணைத் துணியில மூட்டை கட்டி குதிர் மேல வச்சிருந்தா. என்ன துணின்னு கேட்டா, என்னோட பழைய கரை வேட்டி. செல்லியாத்தா எங்க கட்சிக் கரையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா. எனக்கு உள்ளூர அதுல ஒரு சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. இதுக்கு நடுவுல விவசாய ஆபீசு கிராம சேவக் வந்து, வயல் மண்ணு குடுங்க, தஞ்சாவூருக்கு அனுப்புனா பரிசோதனை பண்ணி என்ன உரம் போடலாம்னு சொல்லுவாங்கன்னாரு. விஞ்ஞானம்னா நான் சும்மா இருப்பேனா. வயல்ல எட்டு எடத்துல அரையடி தோண்டி, நெழல்ல ஒணத்தி, கட்டி தட்டி, மூட்டை கட்டினேன். துணி அதே வேட்டியோட மறுபாதி. வச்ச எடமும் அதே குதிர். இடப் பக்கம் என்னுது, வலப் பக்கம் அவளுதுன்னு மனசுல குறிச்சுத்தான் வச்சிருந்தேன். எப்படிக் கோட்டை விட்டேன்னு இன்னிக்கும் புரியல. அந்த வெள்ளிக்கிழமை விடிகாலையில மன்னார்குடி மாநாட்டுக்குக் கெளம்புற அவசரத்துல ஒரு மூட்டையில பேரும் சர்வே நம்பரும் எழுதின சீட்டைக் கட்டி, கிராம சேவக் வீட்டுல குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். மிச்சமிருந்த மூட்டையைக் கலயத்துல கொட்டி, மஞ்சக் குங்குமம் வச்சு, வேப்பிலை சொருகி, எல்லையம்மா வெளக்கேத்திட்டா. செல்லியாத்தா பஸ்சுல தஞ்சாவூர் போயிட்டா, என் வயலு குதிருக்குப் பின்னால குங்குமம் வச்சிக்கிட்டு ஒக்காந்திருச்சு. இது எனக்குத் தெரிய ரெண்டு மாசம் ஆச்சு.

அதுக்குள்ள கலயம் பச்சை விட்டிருச்சு மச்சான். வெள்ளிக்கு வெள்ளி மஞ்சத் தண்ணி தெளிச்சதுல மூணாவது வாரம் நாலு நெல்லு முளைச்சு நிக்கிது. கடக்கரை மண்ணுல நெல்லு முளைச்சிருக்குன்னு தெருவே தெரண்டு வந்துச்சு. பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் அக்காவும் எட்டிப் பாத்து, "கோழி கொத்தாம பாத்துக்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் வாசல்ல நின்னு, இது இயற்கை, காத்துல விதை பறந்து வந்து விழுந்திருக்கும்னு விளக்கம் குடுத்தேன். "ஆமாமா, ஆத்தாதான் காத்தா வந்து போட்டிருக்கா"ன்னு என் விளக்கத்தையே எனக்குத் திருப்பிக் குடுத்தாங்க. வந்த கூட்டத்துல யாரோ என் தலைவர் படத்துக்கும் பொட்டு வச்சிட்டாங்க, தொடைச்சும் மஞ்சக் கறை போகல. எல்லையம்மா மட்டும் சிரிச்சிக்கிட்டு நின்னா.

ஆனி கடைசியில தஞ்சாவூர்லேருந்து காயிதம் வந்துச்சு. கிராம சேவக் அதை என்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னால டீக்கடையில வச்சு ஒரக்கப் படிச்சாரு. மணல்பாங்கு, உப்பு மிகுதி, சிப்பித் துகள் காணப்படுகிறது, நெல் சாகுபடிக்கு உகந்ததல்ல, சவுக்கு வைக்கலாம். "என்னங்க வில்லேந்தி, வயல்ல சிப்பி வெளையுதா"ன்னு கேட்டாரு. சிப்பின்னதும் கடக்கரை மூட்டை ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு ஓடியாந்து கலயத்தைக் கிளறுனா, களிமண்ணு, போன வருசத்து நெல்லுத் தாள் வேரோட இருக்கு. அன்னிக்கே தஞ்சாவூருக்குக் கார்டு போட்டேன், பரிசோதிச்ச மண்ணைத் திருப்பித் தர இயலுமான்னு. காரணத்தை விளக்கி மனுப் போடச் சொல்லி பதில் வந்திருக்கு. என்ன காரணத்தை எழுதுறது.

டீக்கடைச் சேதி பண்ணையாருக்குப் போகாம இருக்குமா. கடல் தண்ணி ஆத்து வழியா ஏறி நெலம் உப்பாப் போச்சுங்கன்னு துரைராசு சொல்லியிருக்கான். "உப்புக் காட்டுக்கு நான் எதுக்கு வக்கீல் பின்னாடி அலையணும், அந்தப் பயலே வச்சிக்கிட்டு சவுக்கு போடட்டும்"னாராம் பண்ணையாரு. போன திங்கக்கெழமை விசாரணையில எதிர்மனுவை வாபஸ் வாங்கிட்டாரு. பேரு ஏறிருச்சு மச்சான். சாரங்கபாணின்னுதான் எழுதினாங்க, நான் திருத்தல. அங்க நான் வாயைத் தெறக்காம நின்னது சரியான்னு யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு தலைமுறையா உழுதவனைக் கூலின்னு அவங்க சொன்னது பொய்யி. இது மூட்டை மாறினது. இதுக்கு மேல யோசிக்கிறதா இல்லை.

இப்ப என் வேதனையே வேற. சேதி சொன்னதும் எல்லையம்மா கலயத்துக்கு முன்னால ஒக்காந்து அழுதா பாருங்க, நான் கதவோரமா நின்னுக்கிட்டிருந்தேன், எனக்கும் தாங்கல. சாமி இல்லை, சாமி இல்லைன்னு இருவது வருசமா ஊர் ஊராப் போயி சொன்னவன் நான். இந்த ஒரு கலயத்துல மெய்யாலுமே இல்லைன்னு எனக்குச் சாட்சியோட தெரியும், ஆனா சொல்ல வாய் வரலை. மூணு மாசமா யாரும் இல்லாத எடத்துல அழுதிருக்கோம்னு தெரிஞ்சா அவ ஒடைஞ்சு போயிருவா மச்சான். அதுவும் என் கோளாறால. கடைசி ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைக்கிறா, உங்களை அவசியம் அழைக்கச் சொல்லியிருக்கா. நீங்க கலயத்தைப் பாத்தா ஒங்க மண்ணு இல்லைன்னு மொதப் பார்வையிலயே கண்டுபிடிச்சிருவீங்க, வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போச்சு. அதனால ஒங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், வரும்போது இன்னொரு பிடி மண்ணை மடியில கட்டிக்கிட்டு வாங்க. அவ பொங்கப் பானைகிட்ட நிக்கிற நேரத்துல நாம ரெண்டு பேரும் மாத்திடலாம். கும்பிட்டு என்பதை அடித்துவிட்டுப் பணிவுடன் என்று வாசித்துக்கொள்ளவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு என் முத்தம். இந்த ஆண்டு தங்கள் வலை கிழியாமலும் படகு ஒழுகாமலும் இருக்குமாக. இது ஆசீர்வாதம் அல்ல, தனிப்பட்ட விருப்பம். படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடவும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
வில்லேந்தி
(சாரங்கபாணி)

பி.கு.: அண்ணே, எல்லையம்மா எழுதுறேன். ஒறைய ஒட்டிப் பக்கிரிகிட்ட குடுன்னு இவரு குடுத்துட்டுப் போனாரு. ஒட்டறதுக்குச் சோத்துப் பருக்கை எடுத்த நேரத்துல படிச்சிட்டேன். நீ மண்ணு கொண்டாராத. மூட்டைய மாத்தி வச்சது நான்தான். ஆபீசுல நமக்கு நாலு வார்த்தை பேச ஆரு இருக்கா. இவரு போனா பேரு திருத்துறதுலயே பொழுது போயிரும். அதான் ஆத்தா ஒரு நடை போயி பேசிட்டு வரட்டும்னு சர்க்கார் மூட்டையில அனுப்பிச்சேன். போயி முடிச்சிட்டா. கலயத்துல இருக்கிறது நம்ம வயலுன்னு தெரிஞ்சுதான் கும்பிட்டேன். கையவுட்டுப் போயிருமோன்னு நான் பயந்தது அந்த மண்ணுக்குத்தான, வெளக்கையும் அதுக்குத்தான ஏத்தணும். கடக்கரையில பொறந்தவளுக்கு மணலு எது களி எதுன்னு தெரியாதாக்கும். பொங்கலுக்கு அண்ணியையும் கூட்டிக்கிட்டு வா. இவருகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. நான் தண்ணிக்குப் போற நேரமாப் பாத்து இவரு குதிருக்குப் பின்னால போயி, "தப்பு நடந்து போச்சு, மன்னிச்சிக்க"ன்னு கலயத்துக்கிட்ட சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. கட்டிக்கிட்டு வந்த பதினாலு வருசத்துல எங்கிட்ட ஒரு தடவை அந்த வார்த்தைய சொன்னதில்ல. அங்கயாவது சொல்லிப் பழகட்டும்.