அழகமுத்துவின் பனிமூட்டப் படங்கள்

"ஒரு கெசட்டுகூட இந்தக் காம்பராவ விட்டு வெளிய போகாது! போனா நானும் போவேன்!"

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றை அறையில், கட்டில்மேல் ஏறி நின்று அழகமுத்து இப்படி முழங்கினார். மூலையில் கூரை முட்ட எண்பத்தேழு வீடியோ கெசட்டுகள். எல்லாம் பேர் தெரியாத தேசத்துப் பேய்ப் படங்கள். படம் முழுக்கப் பனிமூட்டம். பாழடைந்த பங்களாவில் கவுன் போட்ட ஒருத்தி மெழுகுதிரியோடு நடப்பாள், நடப்பாள், நடந்துகொண்டே இருப்பாள்.

அந்த மூலையில் தையல் மெஷின் வைக்க வேண்டும் என்பது மனைவி விஜயகலாவின் கட்சி.

"வெளிய எட்டிப் பாத்தா அதே பனிதானங்க. அத எதுக்குப் பொட்டியில அடைச்சு வச்சிருக்கீங்க?"

"அடி போடி! இந்த நாட்டுலயே இதெல்லாம் பாத்தவன் நான் ஒருத்தன்தான். இரத்தினபுரி மீராசாஹிப் முதலாளி, அவரும் இதுமாதிரி சேக்கிறவருதான், ரெண்டு வருஷமா கெஞ்சுறாரு. குடுத்தேனா?"

"வேற யாருமே பாக்கலயா?"

"யாருமே!"

"கதகூடத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது! அதுதான்டி பெருமையே!"

விஜயகலா மெல்லத் தலையாட்டினாள். வெற்றிக் களிப்பில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கொழுந்து மலையில் அவள் அந்தப் படங்களின் கதையை அவிழ்த்துவிட்டாள். கை கொழுந்தைக் கிள்ள, வாய் கதையைச் சொல்ல, நிரைக்கு நிரை கதை தாவியது. நாளுக்கு இரண்டு படம். கேட்டவர்கள் கேளாதவர்களுக்குச் சொல்ல, அவர்கள் கடைக்காரருக்குச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில், கங்காணியே கேட்டார்:

"என்னா அழகமுத்து, அந்த மெழுகுதிரிக்காரி மாமியாரக் கெணத்துல தள்ளிட்டாளாமே? நல்லா வேணும்!"

அழகமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுத்துப் பேசவும் வழியில்லை. எந்தப் படத்தையும் அவர் முடிவுவரை பார்த்ததில்லை. திரையில் பனி வந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சிங்களத்தில் இன்னொரு படத்தின் முடிவைச் சொன்னார்.

ஊரே வாயில் போட்டு மெல்லும் படம் அவருக்கு எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டினார்.

"நானாத்தான் குடுக்கிறேன்! என்னய ஒருத்தரும் அசைக்க முடியாது!"

கர்ஜித்தபடியே போய், எண்பத்தேழையும் மீராசாஹிபின் கடையில் இறக்கிவிட்டு வந்தார். வீட்டு மூலையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது சரி, இம்புட்டுப் படத்தையும் நீ எப்படி முழுசாப் பாத்த? நான் பாக்கும்போது ஒன்னுமே நடக்கலயே!"

விஜயகலா நூலைப் பல்லால் கடித்தாள்.

"நான் எங்கங்க பாத்தேன்? கெசட்டு அட்டையில இருந்த பொம்பளைகளப் பாத்து நானா விட்ட கதைங்க அதெல்லாம்."