மேஜரின் பெட்டிக்குச் சிவப்புத் துணி

இனிமேல் தொழில் விஷயத்தில் பெண்டாட்டியிடம் யோசனை கேட்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை முட்டை சாப்பிடும்போது இந்த வீர முடிவை எடுத்தேன். வினிஃப்ரெட் எதிரே உட்கார்ந்திருந்ததால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பழைய துப்பாக்கிப் பெட்டிகளுக்கு உள்துணி மாற்றுவது என் பிழைப்பு. இங்கிலாந்தில் எங்கள் லட்லோ ஊரில் இதற்கு நான் ஒருவன்தான். மேஜர் ட்ரெஹார்ன் கொண்டுவந்த பெட்டியில், அந்துப்பூச்சி தின்றதுபோக ஓரத்தில் கொஞ்சம் துணி மிச்சமிருந்தது. புதுச் சிவப்புக் கம்பளி ஒட்டிக் காட்டினேன்.

"என்னய்யா இது, தபால் பெட்டி மாதிரி பளிச்சுன்னு! எங்க கொள்ளுத்தாத்தா பெட்டிய்யா. துணி மாத்தினதே தெரியக்கூடாது. சனிக்கிழமை வர்றேன். சரியா இருந்தா வீட்டுல இன்னும் ஏழு பெட்டி இருக்கு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஏழு பெட்டி! ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் வேகவைத்தேன். ஈரல் நிறத்தில் வந்தது. நொந்துபோய் நிமிர்ந்தால், கதவுக்குப் பின்னால் வினிஃப்ரெடின் பழைய கோட்டு. பெட்டி ஓரத்துத் துணி மாதிரியே மங்கின, அசல் நூறு வருஷச் சிவப்பு! அவள் கடைக்குப் போயிருந்தாள். முதுகுப் பக்கத்தை மட்டும் கத்தரித்தேன். முன்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டினேன். வச்சிரப் பசை காய்ச்சிப் பெட்டிக்குள் ஒட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மேஜர் பெட்டியைத் திறந்து விரலால் தடவினார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"அதே துணிய்யா! திங்கட்கிழமையே ஏழையும் அனுப்பறேன்."

அவர் போனதும் வினிஃப்ரெட் வந்தாள். உடம்பில் புத்தம்புது நீலக் கோட்டு.

"ஏது வின்னி இது?"

"வாங்கினேன். முதுகில்லாத கோட்டோட சர்ச்சுக்குப் போகச் சொல்றியா?"

"மன்னிச்சுடும்மா..."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? ஆறு வருஷமா புதுக் கோட்டு கேட்டேன். 'பழசு நல்லாத்தானே இருக்கு'ன்னே. அதான் தினம் கொடியில போட்டு வெளுக்க வச்சேன். இந்த ஊர் வெயிலுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு ஹெர்பர்ட். பெட்டிக்குன்னு உன் கத்தரி அது மேல எப்போ பாயும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

கோபமே வரவில்லை. வேலை கிடைத்த சந்தோஷம்.

"அது போகட்டும். மத்த ஏழு பெட்டிக்குத் துணி?"

"அதுவும் தயாராகிட்டிருக்கு. ஏழுக்கும் தாராளமா வரும். நீதான் நல்லாப் பருத்திருக்கியே!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். குளிர்காலத்துக்கென்று பத்திரமாக எடுத்துவைத்திருந்த என் சிவப்புக் கம்பளி அங்கி, முக்கால்வாசி வெளுத்துப்போய்க் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.