முப்பது கேள்விக்கு ஒரு மார்க்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். அனைவரும் என்றால் நானும் என் மனைவியும் இரண்டு பேர்தான், அது உனக்குத் தெரியும். அங்கு அத்தானும் பிள்ளைகள் மூவரும் சுகமாக இருப்பார்கள் என நம்புகிறேன். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று உன் கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். உண்டு. ஆனால் நீ நினைக்கிற விசேஷம் இல்லை.

நான்காவது தடவை சிகிச்சைக்காக, நீ சொன்ன அதே மருத்துவமனைக்குப் போனோம். ஒன்பது வருடத்தில் எங்கள் உடம்பில் அவர்கள் அளக்காதது எதுவும் பாக்கி இல்லை. ரத்தம், கருமுட்டை, என் தரப்பில் அக்காவுக்கு எழுத முடியாத சமாச்சாரம், எல்லாம் அளந்தாச்சு. இனி அளக்க எங்கள் தாம்பத்தியம்தான் மிச்சம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கவுன்சலிங் அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். 'குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளின் மணவாழ்க்கைத் தரம்' என்று தலைப்பு. தரம்! சிமென்ட் மூட்டைக்குப் போடுவது போல. முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க். ரெண்டு பேர் சராசரி எண்பதுக்குக் கீழே போனால் சிகிச்சை ஆறு மாதம் தள்ளிப்போகுமாம், முதலில் மனசைச் சரிபண்ண வேண்டுமாம். கலந்து பேசக்கூடாதுன்னு அவளை உள்ளறையில உக்கார வெச்சாங்க, என்னை வராந்தாவுல, எடை பாக்கற மெஷினுக்குப் பக்கத்துல. அந்த மெஷின் அரை கிலோ கூடக் காட்டுது. சொன்னேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல.

என் தொழில்தான் உனக்குத் தெரியுமே. பத்தொன்பது வருஷமா கடை கடையா ஏறி, எடை மெஷின்ல படிக்கல்லை வெச்சுப் பாத்து, எவ்வளவு பிசகுன்னு தாள்ல எழுதறவன். பூஜ்யம்னா பிசகே இல்ல, மெஷின் சுத்தம். கை பழகிப்போச்சு. 'துணையுடன் மனம் விட்டுப் பேசுகிறீர்களா?' நமக்கு என்ன பிசகு, பூஜ்யம். 'சேர்ந்து சிரிக்கிறீர்களா?' பூஜ்யம். 'மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் இவரையே மணப்பீர்களா?' இதுல என்ன சந்தேகம், பூஜ்யம். 'உறவினர் தலையீட்டைச் சேர்ந்து சமாளிக்கிறீர்களா?' அங்க மட்டும் உன் ஞாபகம் வந்துச்சு, ஒண்ணு போட்டேன். ஆக மொத்தம் ஒண்ணு, நூத்தம்பதுக்கு.

அவ எவ்வளவு தெரியுமா? நூத்தம்பது, முழுசா! 'வீட்டு வேலையில் துணை உதவுகிறாரா?' அஞ்சாம்! நான் விளக்குமாத்தைக் கடைசியா எப்பத் தொட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. 'உங்கள் வலியைத் துணை புரிந்துகொள்கிறாரா?' அதுக்கும் அஞ்சு, தாள் கிழியற மாதிரி பேனாவை அழுத்தி. கவுன்சலிங் அம்மா ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கண்ணாடியைக் கழட்டி, "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் தாளை இவ கையில குடுத்துட்டாங்க. என்ன படிச்ச படிப்போ! இவ முப்பதையும் ஒண்ணு விடாமப் படிச்சா. பின்பக்கம் வேற திருப்பிப் பாத்தா. "சரி"ன்னா, அவ்வளவுதான். சராசரி எழுபத்தஞ்சரை. ஆறு மாசம் போச்சு. அவளுக்கு இப்ப முப்பத்தொன்பது வயசு அக்கா, அந்த ஆறு மாசத்தை அவ எங்க போய்த் தேடுவா?

பதினோரு நாளாச்சு. "கதவைப் பூட்டிட்டீங்களா", "டீ ஆறுது", இதைத் தவிர பேச்சு கிடையாது. நேத்துதான் கேட்டா: "ஒரு கேள்விக்குக்கூட ரெண்டு போட மனசு வரலையா?" என் வேலைத் தாளை எடுத்துக் காட்டி, எங்க தொழில்ல பூஜ்யம்தான் நல்லதுன்னு விளக்கினேன். "பூஜ்யம்னா ஒருபோதும் இல்லைன்னு மேலயே கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே"ன்னுட்டுத் துணி மடிக்கப் போயிட்டா. பெரிய மனசு பண்ணி நீ ஒரு போன் போடு அக்கா. "அவன் மடையன், சின்ன வயசுலேர்ந்தே கேள்வியைப் படிக்காமப் பதில் எழுதறவன்"னு சொல்லு. நீ சொன்னா நம்புவா. விசேஷம் பத்தி மட்டும் வாயைத் திறக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் மூவருக்கும் மாமாவின் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், கேள்வியையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த தம்பி

பி.கு.: ஒட்டின உறையைப் பிரிச்சு எழுதறேன். போன் பண்ணாத. நான் கேள்வியைப் படிச்சேன். மேல போட்டிருந்ததையும் படிச்சேன். மெஷின் முள்ளு மயிரிழை நகந்தாலே கண்டுபிடிக்கறவனுக்கு அந்தக் கொட்டை எழுத்து தெரியாதா? தள்ளி வைப்பாங்கன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அதுல நான் நேர்மையாப் போட்டது உனக்குப் போட்ட ஒண்ணு மட்டும்தான். முந்தின மூணு தடவையும், கரு தங்கலைன்னு தெரிஞ்சதும் பாத்ரூம்லேர்ந்து வெளிய வந்து அவ முதல்ல சொன்னது "என்னை மன்னிச்சிடுங்க". என்கிட்ட, அக்கா! நாலாவது தடவை அதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல. உண்மையைச் சொன்னா அவ குழந்தையைத் தடுத்தவன் ஆயிடுவேன். சொல்லலைன்னா அவளைப் பிடிக்காதவன். பிடிக்காதவனாவே இருந்துட்டுப் போறேன். பதினோரு நாளா அவ என்கிட்ட மன்னிப்பு கேக்கல.