பொழுது சாய்ந்தால் பீட்சா கிடையாது

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ படைகள் வந்து பிடித்திருக்கின்றன. ஆனால், கையில் பணத்தோடும் வயிற்றில் பசியோடும் வந்தவர்களைத் துரத்தியடித்த ஒரே வீரர் எங்கள் சாஸ் நயினார்தான்.

மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர். புனேயில் பெரிய ஓட்டலில் இத்தாலியச் சமையல் கற்றுக்கொண்டு, தலை நரைத்த பிறகு ஊர் திரும்பி, செஞ்சிக் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே பீட்சா கடை போட்டார். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. பொழுது சாய்ந்தால் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பொழுது சாய்ந்தால் ஊரும் சாப்பிடக்கூடாது என்று ஷட்டரை இழுத்து மூடினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. உலகமெங்கும் ஜனங்கள் பீட்சா தின்னக் கிளம்புகிற நேரத்தில் இவர் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்.

"நைனா, கூட்டமே இப்பத்தான் வருது. இன்னும் கொஞ்ச நேரம் தெறந்து வைக்கலாம்" என்று மகன் ஸ்ரீபால் கெஞ்சுவான்.

"நான் துன்னாத நேரத்துல அடுத்தவனுக்கு ஏன்டா விக்கணும்?"

அமாவாசையன்று மேல்மலையனூருக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் எல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். மற்ற கடைக்காரர்கள் அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்வார்கள். இவர் மட்டும் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம், "ராத்திரில மைதா துன்னா செரிக்காது, போய் சாமி கும்பிடு" என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தக்காளி வாங்குவது தனிக்கூத்து. ஒவ்வொரு பழமாக எடுத்து அமுக்கி, மோந்து, திருப்பிப் பார்ப்பார். மார்க்கெட்டில் ஒரு அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டாள்: "நயினாரே, தக்காளி வாங்க வந்தீயா, பொண்ணு பாக்க வந்தீயா?"

வாங்கி வந்த பழத்தை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, விதையை வழித்து, கையாலேயே பிசைவார். மிக்ஸியில் போட்டால் விதை நொறுங்கிக் கசக்குமாம். உப்பு, எண்ணெய், பேசில் இலைக்குப் பதிலாகக் கொல்லையில் வளர்த்த திருநீற்றுப்பச்சிலை. அடுப்பில் ஒரு கொதி. அவ்வளவுதான்.

"சாஸைத் துன்னா தக்காளி ஞாபகம் வரணும், ஜெராக்ஸு. சக்கரை ஞாபகம் வந்தா அது ஜாம். மசாலா ஞாபகம் வந்தா அது கொத்சு" என்பார். எனக்குப் பெயர் வைத்த தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவருக்கு நான் ஜெராக்ஸ்தான்.

எங்கள் ஊருக்கு நல்லதைக் கொடுத்தால் அது கெச்சப் கேட்கும். காலேஜ் பையன்கள் ஒருநாள், "அண்ணே, தொட்டுக்க சாஸ் குடுங்க" என்றார்கள்.

"உள்ளயே சாஸ் இருக்குதே, மேல இன்னாத்துக்கு சாஸ்?"

"இது புளிக்குதுண்ணே."

பாதி தின்ற பீட்சாவைத் தட்டோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பையன்கள் அப்புறம் வரவேயில்லை. வேறு யாரும்கூட வரவில்லை.

தவறாமல் வந்தது ஒரு குடும்பம்தான். மேல்சித்தாமூர் டீச்சரம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர்களும் பூண்டு தொடாத சமணர்கள். வேறெங்கும் பிள்ளைகளுக்குப் பீட்சா வாங்கித்தர முடியாது. அவர்கள் வந்தால் நயினார் முகத்தில் சிரிப்பு என்ற ஒன்றைப் பார்க்கலாம்.

ஒருமுறை நயினார் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடையை ஸ்ரீபால் பார்த்துக்கொண்டான். ராத்திரியும் திறந்து வைத்தான். கூட்டம் என் கடை வாசல்வரை நின்றது.

காய்ச்சல் விட்டு நயினார் வந்த அன்று, பேங்க் ஊழியர் ஒருவர் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "நயினாரே, இப்பத்தான்யா சாஸ் சாஸாட்டம் இருக்குது!"

நயினார் நேராக என்னிடம் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. "ஜெராக்ஸு, பையனுக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சுய்யா!"

உள்ளே போய் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். வெளியே வந்து சாக்கடையோரம் குந்தி, வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார். நிறுத்தவேயில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், கடையில் விற்கிற ரெடிமேட் சாஸ், பூண்டு வாசனை.

"உன் சாஸை வச்சிகினு ஈதான் நைனா ஓட்னோம்" என்றான் ஸ்ரீபால். "நாக்கு அவங்களுது. உனக்கு இன்னா?"

நயினார் கேட்டது ஒன்றைத்தான். "டீச்சரம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. பசங்க நல்லாருக்குதுன்னு இன்னொன்னு கேட்டு துன்னுச்சுங்க."

என் வண்டியிலேயே மேல்சித்தாமூர் போனோம். "அவங்களுக்குத் தெரியாது, சொல்லாம உட்டுடுங்க" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டீச்சரம்மா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். "வாங்க நயினாரே, புள்ளைங்க இன்னும் அந்த பீட்சா பேச்சுதான்."

"அதுல பூண்டு இருந்துச்சும்மா" என்றார்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "நம்ம கடைன்னு நம்பித்தானே வந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பும்போது வண்டியைக் குழியில் இறக்கினேன். அதற்குக்கூட நயினார் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு பெங்களூர் பஸ் ஏறினார். அங்கே ஏதோ ஓட்டலில் பகல் ஷிப்ட், தக்காளி பிசைகிற வேலையாம், இந்த வயதில். ஸ்ரீபால் கடையில் கலர் லைட் எரிகிறது. டோக்கன் கொடுக்கிறான். ஊர் விரலைச் சப்புகிறது.

எப்போதாவது எனக்குப் போன் வரும். "மெஷின் இன்னும் கறுப்புக் கோடு போடுதா? சரி பண்ண துப்பில்லையா? பி.பி. மாத்திரை போட்டியா? போட்டுருக்க மாட்ட, சோம்பேறி" என்று மூச்சுவிடாமல் திட்டுவார். திட்டித் தீர்ந்ததும் பேச்சு நின்றுவிடும். பின்னால் யாரோ பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் கேட்கும்.

வாசலில் வாடிக்கையாளர் ஆதார் கார்டோடு நின்றாலும் நான் போனை வைப்பதில்லை. அவராக வைக்கட்டும் என்று காதோடு பிடித்துக்கொண்டிருப்பேன்.