பாப் சூயிக்கா பூனைகளுக்கு ஓர் அனுமதி

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். நீங்கள் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது உங்களை ஒன்றும் செய்யாது. எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஓர் அடி எடுத்து வைத்து 'முடிந்தது' என்று சொன்ன மறுகணம் உங்களை அடிக்கும். அது என்ன?

எங்கள் துனிஸ் நகரத்தில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் 'அரசாங்க அலுவலகம்' என்பார்கள். பத்தாவது ஆள் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவராக இருப்பார். கேள்வியை எழுத்து மூலம் கொடுக்கச் சொல்வார். எல்லாமே தப்பு. சரியான விடை, முறை வைத்து ஆடும் கணினிச் சீட்டாட்டத்தில் வரும் எதிரி.

அப்படி ஓர் ஆட்டத்தை ஒல்ஃபாவும் அவள் கணவன் வஜ்தியும் மூன்று வருடம் உட்கார்ந்து செய்தார்கள். ஆட்டத்தின் பெயர் 'பாப் சூயிக்கா பூனைகள்'. திரையில், பாப் சூயிக்கா என்னும் எங்கள் பழைய வட்டாரத்தின் சந்தை முற்றம், சதுரம் சதுரமாகப் பிரித்து. நான்கு தெருப் பூனைகள் ஒரு மீன் கூடையைக் கடற்காகங்களிடமிருந்து காக்க வேண்டும். நீங்கள் பத்துச் சீட்டோடு தொடங்குவீர்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டு கைக்கு வரும். 'பிறாண்டு', 'மதிலேறு', 'பாவமாய்ப் பார்' என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலை எழுதியிருக்கும். மூன்றை ஆடலாம். பிறகு கடற்காகங்களின் முறை. ஒரு சண்டையில் வென்றால் மூன்று புதிய சீட்டுகளைக் காட்டும். ஒன்றை எடுத்து உங்கள் சீட்டுக்கட்டில் சேர்க்கலாம்; வேண்டாம் என்றும் போகலாம். இடையில் வரும் மீன்காரர் கடையில், உதவாத சீட்டுகளைக் கழித்தும் விடலாம். கட்டை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

இணையத்தில் விளையாட்டு விற்கும் பெரிய கடை ஒன்று, ஜூன் பதினைந்தாம் தேதி அதற்கு முதல் பக்கத்தில் இடம் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை: சொந்த நாட்டின் அனுமதிச் சான்று வேண்டும். தேதி தவறினால் அந்த இடம், ஃபின்லாந்துக்காரர்கள் செய்த பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் போய்விடும்.

ஆகவே மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, இருவரும் விளையாட்டுச் சீட்டு இயக்ககத்துக்குப் போனார்கள். முத்திரை இல்லாத சீட்டுக்கட்டு எதுவும் நாட்டில் விற்கப்படாமல் காப்பது அந்த இயக்ககத்தின் வேலை. பதினோரு வருடமாக யாரும் அங்கே புதுச் சீட்டுக்கட்டு எதையும் கொண்டு வரவில்லை. ஒரு விண்ணப்பம்கூட நிலுவையில் இல்லை என்று ஆண்டறிக்கை வருடா வருடம் பெருமையோடு சொல்லிவந்தது.

துணை இயக்குநர் மொன்ஜி அவர்களை உட்காரச் சொன்னார்.

"ஒரு கட்டுல எத்தன சீட்டு, மகளே?"

"ஆரம்பத்துல பத்து, ஸிதி மொன்ஜி," என்றாள் ஒல்ஃபா.

"முடிவுல?"

"அது ஆடறவங்களப் பொறுத்தது."

"பொறுத்ததுன்னு ஒரு எண்ணு இல்லையேம்மா. நம்ம ஷ்கொப்பா சீட்டாட்டத்துக்கு நாப்பது. உங்களுக்கு எத்தன?"

"குறைஞ்சது அஞ்சு. அதிகம்னா கணக்கே கெடையாது."

மொன்ஜி அழகான கையெழுத்தில் 'ஐந்து முதல் கணக்கற்றது வரை' என்று எழுதினார். பிறகு கவலையோடு, "கணக்கில்லாத சீட்டுக்கு முத்திரை குத்த மை பத்தாதே," என்றார். "சரி, சீட்டெல்லாம் எங்க?"

வஜ்தி தட்டுக்கணினியை நீட்டினான். "இதுக்குள்ள."

மொன்ஜி அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு, பொருள் பெறும் எழுத்தர் ஹயாத்திடம் கொடுத்தார். ஹயாத் விதிப்படி, வந்த பொருளின் மேல் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்தினாள். சந்தை முற்றத்தின் வடமேற்கு மூலையில் ஊதா மை பரவியது. அன்றிலிருந்து அந்த மூலையில் எந்தப் பூனை நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆட்டத்தை ஆடிப் பார்த்து அறிக்கை தர ஒரு குழு அமைக்கப்பட்டது. மொன்ஜி தலைவர். சட்டப் பிரிவின் ஷெத்லி உறுப்பினர். விண்ணப்பதாரரின் சொத்தை உறுப்பினர்கள் தொடக்கூடாது என்று ஷெத்லி கருத்துரைத்ததால், திரையைத் தொடும் பொறுப்பு ஹயாத்துக்கு. எந்த மூன்று சீட்டை ஆடலாம் என்று முன்மொழிவு எழுதப்படும். கையெழுத்தாகும். ஹயாத் தொடுவாள். ஒரு முறை முடிய இரண்டு நாள் ஆயிற்று. கடற்காகங்கள் சிறகைக்கூட அசைக்காமல் காத்திருந்தன. 'இத்தனை பொறுமையான எதிர்த்தரப்பை இவ்வலுவலகம் இதுவரை கண்டதில்லை' என்று கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது.

ஏப்ரலில் ஒல்ஃபா வந்து அழாத குறையாகக் கேட்டாள். ஒரு நாளின் எல்லா முறைகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து போதும் என்று முடிவானது. ஆட்டம் வேகம் பிடித்தது. கோளாறும் அங்கேதான் பிடித்தது.

மொன்ஜியும் ஷெத்லியும் இருபது வருடமாகத் தினமும் வேலை முடிந்ததும் காபிக் கடையில் ஷ்கொப்பா ஆடுபவர்கள். ஷ்கொப்பாவில் கடைசியில் யாரிடம் அதிகச் சீட்டு குவிந்திருக்கிறதோ, அவருக்கு அதற்கென்றே ஒரு புள்ளி உண்டு. ஆகவே பூனைகள் சண்டையில் வென்ற ஒவ்வொரு தடவையும், காட்டப்பட்ட சீட்டு எதுவானாலும் குழு எடுத்துக்கொண்டது. சீட்டு ஏற ஏற ஷெத்லி கைகளைத் தேய்த்துக்கொண்டார். மே மாதக் கடைசியில், கிழட்டுக் கடற்காகம் என்னும் கடைசி எதிரியின் முன்னால் போய் நின்றபோது கட்டில் அறுபத்தொரு சீட்டு இருந்தது. அவற்றில் 'பாவமாய்ப் பார்' மட்டும் இருபத்தாறு. கைக்கு வந்த ஐந்தும் அதுவே. பூனைகள் மூன்று முறை பாவமாய்ப் பார்த்தன. கிழட்டுக் கடற்காகம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனது.

அறிக்கை சுருக்கமாக இருந்தது: 'அறுபத்தொரு சீட்டுகளைத் திரட்டிய பின்னரும் தோல்வி நேர்ந்தமையால், இவ்வாட்டம் பொதுமக்களை ஏமாற்றும் தன்மையது.'

ஒல்ஃபாவும் வஜ்தியும் ஓடி வந்தார்கள்.

"ஸிதி, கெடைச்ச சீட்டையெல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"குடுத்தாங்க, எடுத்தோம்."

"வேண்டாம்னு ஒரு பொத்தான் இருக்கே!"

ஷெத்லி கண்ணாடியைக் கழற்றினார். "அரசாங்கத்துக்கு வர்ற பொருள வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. அதுக்கு மந்திரி கையெழுத்து வேணும்."

"கழிச்சாவது இருக்கலாம். மீன்காரர் கடைதான் வழியிலயே வருதே."

"பதிவேட்டுல ஏறின பொருள ஒரு மீன்காரர்கிட்டயா குடுக்கச் சொல்றீங்க? அவரு யாரு, என்ன, ஒரு அடையாள அட்டை உண்டா?"

வஜ்திக்குப் பொறுமை போயிற்று. "எங்க ஆட்டத்துல நிறைய வெச்சிருக்கறவன் தோப்பான், ஸிதி. வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான்."

மொன்ஜி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, இருபது வருஷமா ஷ்கொப்பா ஆடறேன். எனக்கா சீட்டப் பத்திச் சொல்ற?"

"எத்தன தடவ ஜெயிச்சீங்க?"

"அது வேற விஷயம்," என்றார் மொன்ஜி.

"ஒரு தடவகூட இல்ல," என்றார் ஷெத்லி மகிழ்ச்சியோடு.

இந்த நேரத்தில் அறையின் மறுகோடியிலிருந்து பூனைகள் கும்பலாகக் கத்தும் சத்தம் கேட்டது. ஆட்டத்தில் வென்றால் மட்டும் வரும் சத்தம் அது. அதை உண்டாக்கிய வஜ்தியே இந்தக் கட்டிடத்துக்குள் அதை முதல் தடவையாகக் கேட்டான்.

அன்று பள்ளியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். ஹயாத் தன் ஒன்பது வயது மகள் தஸ்னீமை அலுவலகத்துக்கே கூட்டி வந்து, வாயை அடைக்கத் தட்டுக்கணினியைக் கொடுத்திருந்தாள். எல்லாரும் அவளைச் சூழ்ந்தார்கள். அவள் கட்டில் ஏழே சீட்டு இருந்தது.

"மிச்சமெல்லாம் எங்க கண்ணு?" என்றார் மொன்ஜி.

"மொக்கச் சீட்டு. தூக்கிப் போட்டுட்டேன்."

"யாரக் கேட்டு?"

"மீன்காரரக் கேட்டு."

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஒல்ஃபாவுக்கு மறுநாளே சான்று கிடைத்திருக்கும். ஆனால் தலைமை இயக்குநர் அப்போதுதான் ஹம்மாமெட் கடற்கரை விடுதியில் 'மெலிந்த நிர்வாகம்' பற்றிய மூன்று நாள் கருத்தரங்கை முடித்து, மூக்குத் தோல் உரிந்து திரும்பியிருந்தார். மெலிவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கருத்தரங்கில் யாரும் சொல்லவில்லை. இங்கே ஒரு குழந்தை செய்தே காட்டிவிட்டது. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது:

'நவீன காலத்தின் தேவைகளை முன்னிட்டும், தஸ்னீம் முறையைப் பின்பற்றியும், இயக்ககத்தில் வழங்கும் நூற்று நாற்பது படிவங்கள் ஒரு வாரத்துக்குள் ஏழாகக் குறைக்கப்பட வேண்டும். நீண்ட காலம் கைக்கு வராத படிவங்கள் முதலில் கழிக்கப்படும்.'

இயக்ககம் புது மோகத்தில் விழுந்தது. காலையில் சந்தித்தால் நலம் விசாரிப்பதை விட்டு, "கட்டு மெலிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டார்கள். புதினா டீயில் சர்க்கரை குறைந்தது. ஷெத்லி மட்டும் ஓர் ஐயத்தை எழுப்பினார்: கழித்த படிவங்களை முறைப்படி ஒரு மீன்காரரிடம்தானே ஒப்படைக்க வேண்டும்? விளம்பரம் கொடுத்து, மத்தியச் சந்தையிலிருந்து அடையாள அட்டை உள்ள மீன்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒன்பது மூட்டைகளை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

விடுப்புப் படிவம் தினமும் கைக்கு வருவது, ஆகவே தங்கியது. பயணப்படி, மருத்துவப்படி, நாற்காலி மாற்றும் படிவம் ஆகியவையும் தங்கின. அனுமதிச் சான்றுப் படிவம் கைக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதுதான் முதலில் போனது.

ஒல்ஃபா சான்று வாங்க வந்தாள்.

"உங்க ஆட்டம் பிரமாதம், மகளே! எங்களுக்குக் கண்ணத் திறந்துடுச்சு," என்றார் மொன்ஜி. "ஆட்சேபணையே இல்ல. படிவம்தான் இல்ல."

"படிவம் இல்லேன்னா அனுமதியே வேண்டாம்னு அர்த்தமா?"

"சட்டம் இருக்கேம்மா. படிவத்தத்தான கழிச்சோம், சட்டத்த இல்லையே."

ஜூன் பன்னிரண்டாம் தேதி ஒல்ஃபா மத்தியச் சந்தையில் மத்தி மீன் வாங்கினாள். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால், மீனைச் சுற்றியிருந்தது சான்றுப் படிவம். ஒரு வரிகூட நிரப்பாதது. அவள் மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு, தாளை விசிறியால் உலர்த்தி எடுத்துக்கொண்டு வஜ்தியோடு ஓடினாள்.

மொன்ஜி அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "அசல்தான். ஆனா கட்டுல இல்லாத படிவம். சும்மா சேர்க்க முடியாது. ஒரு வெற்றி கெடைச்சா, மூணு காட்டி, ஒண்ணு எடுக்கலாம். உங்க விதிதான?"

"எங்க விதிதான்," என்றான் வஜ்தி பல்லைக் கடித்தபடி. "அப்ப ஒரு வெற்றியச் சொல்லுங்க."

தலைமை இயக்குநர் பெருந்தன்மையோடு, படிவங்களைக் குறைத்ததையே ஒரு வெற்றி என்று அறிவித்தார். ஜூன் பதினாலு காலையில் மேசைமேல் மூன்று படிவங்கள் வைக்கப்பட்டன. ஒன்று, ஒல்ஃபாவின் சான்றுப் படிவம். அடுத்தது, ஜெர்பா தீவில் கருத்தரங்குக்குப் போக விரும்பும் தலைமை இயக்குநருக்கான படிவம். மூன்றாவது, ஷெத்லி தயாரித்த, படிவங்களைத் திரும்பக் கேட்கும் படிவம். யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வந்தபோது அறையில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில், இம்முறையில் வென்ற ஒரே நபர் என்ற தகுதியில் தஸ்னீமை அழைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஹயாத் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாள்.

"செல்லம், நடுவுல இருக்கறது நல்ல படிவம்," என்றார் தலைமை இயக்குநர்.

"அத எடுத்தா என்ன ஆகும்?"

"மாமா ஜெர்பா போவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பி வருவேன்."

ஒல்ஃபா அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "கண்ணு, மீன் வாசனை அடிக்குதே, அத எடும்மா. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. மூணு வருஷ வேலை."

"அத எடுத்தா என்ன ஆகும்?"

"அனுமதி கெடைக்கும். எல்லாரும் பூனை ஆட்டம் ஆடலாம்."

"இப்பவே எல்லாரும் ஆடறாங்களே, ஆன்ட்டி. மொன்ஜி மாமா மேசைக்குக் கீழ வெச்சு ஆடறாரு. ஷெத்லி மாமா போன்லகூட இருக்கு."

மொன்ஜிக்கு இருமல் வந்தது. ஷெத்லி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இது ஆட்டம் இல்லடா செல்லம்," என்றான் வஜ்தி. "இது நிஜம். நிஜத்துல எடுத்துத்தான் ஆகணும்."

தஸ்னீம் மூன்று படிவங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பிறகு, எதுவும் வேண்டாம் என்றாள்.